பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காதவர்கள்

பிறரைக் குற்றம் சொல்லப் புறப்படுகிறவன் முதலில் தன் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். ஆகையால், என்னுடைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மாதவரம் பால் பண்ணைப் பக்கமிருந்து மூலக்கடைக்கு என் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். அவசர வேலை எதுவும் இல்லை. பழுது பார்க்கக் கொடுத்திருந்த மூக்குக் கண்ணாடியை வாங்கி வரவேண்டும், அவ்வளவுதான். கடை இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். தபால்பெட்டி நிறுத்தத்துக்கு அருகே, மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலை பாதியாய்க் குறுகியிருந்த இடத்தில், ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளில் என் இடது பக்கமாக வந்து, முழங்கையை உரசுகிற மாதிரி நுழைந்து முன்னே பாய்ந்தான். போகிற போக்கில் ஒருமுறை திரும்பியும் பார்த்தான். சிரித்தானா இல்லையா என்று இப்போது சத்தியம் செய்து சொல்ல முடியாது. சிரித்ததாக அப்போது எனக்குத் தோன்றியது.

அது போதுமானதாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயது, ரத்தக் கொதிப்புக்குத் தினம் ஒரு மாத்திரை, நாலு பேர் மதிக்கிற எழுத்தாளன் என்ற பெயர் இவை எல்லாவற்றையும் மறந்துவிட்டு நானும் கைப்பிடியை முறுக்கினேன். ஓர் ஆட்டோவை முந்தினேன். ஒரு பள்ளிக்கூட வேனை முந்தினேன். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்றுக்கும் தகரத் தடுப்புக்கும் நடுவே ஒரு சந்து தெரிந்தது. அந்தச் சந்துக்குள் ஸ்கூட்டரை விட்டேன். மறுபக்கம் வெளிப்பட்ட இடத்தில் தலையில் பூக்கூடையோடு ஒரு பெண்மணி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

பிரேக் பிடித்தது. தெய்வாதீனம் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அவள் பதறிப் பின்வாங்கியதில் கூடை விழுந்தது. மல்லிகைச் சரமும் கதம்பமும் என் முன் சக்கரத்தின் கீழே கிடந்தன. அவள் கத்தவில்லை, சாபமிடவில்லை. என் நரைத்த தலையை ஒருகணம் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, நீங்களுமா?" என்றாள்.

நான் இருநூறு ரூபாயை நீட்டினேன். அவள் தரையில் கிடந்ததைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டு, "நூத்தம்பதுதான் போச்சு" என்று ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூலக்கடையில் அந்த இளைஞனை மறுபடியும் பார்த்தேன். டீக்கடை வாசலில் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் எந்த அவசரமும் இல்லை! என்னை நிமிர்ந்து பார்த்தான். அடையாளம் தெரிந்ததாகவே காணோம். நான் யாரோடு உயிரைப் பணயம் வைத்துப் போட்டியிட்டேனோ அவனுக்கு அப்படி ஒரு போட்டி நடந்தது என்பதே தெரியாது.

அன்றிலிருந்து அந்த 'நீங்களுமா' என்ற சொல் என்னை விடவில்லை. சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் 'அவர்கள்' என்று பேசுகிறோம். காலித்தனம் என்கிறோம், வடசென்னைப் பையன்கள் என்கிறோம், சினிமா கெடுத்துவிட்டது என்கிறோம். பூக்காரம்மாள் அந்தச் சௌகரியத்தை எனக்குக் கொடுக்கவில்லை. உங்களுக்கும் நான் அதைக் கொடுக்கப் போவதில்லை.

*

வேகம் பாவம் என்று உபதேசிக்க நான் வரவில்லை. அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்தைப் பாவம் என்று சொல்ல இந்த வட்டாரத்துக்காரனுக்கு யோக்கியதை கிடையாது. ஏனென்றால் இந்தியாவில் மோட்டார் சைக்கிளைத் தொட்டிலில் இட்டு வளர்த்த ஊர்களில் ஒன்று நம்முடைய திருவொற்றியூர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த தொழில் அங்கேதான் வேர்விட்டது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி விற்றார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1970-இல் இங்கிலாந்தில் அந்த வண்டியின் உற்பத்தி நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் புல்லட் உருண்டு வந்துகொண்டேயிருந்தது. எத்தனையோ குடும்பங்கள் அந்த உலையில் சோறு பொங்கின.

பந்தயமும் நமக்குப் புதிதல்ல. மாதவரத்திலிருந்து இதே ஜி.என்.டி. சாலையில் வடக்கே புழல், செங்குன்றம் தாண்டிப் போனால் சோழவரம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானங்கள் இறங்குவதற்காக அங்கே போட்ட ஓடுதளம் யுத்தம் முடிந்தபின் சும்மா கிடந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்தில் பந்தயங்கள் நடத்தியது. ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை சோழவரம் பந்தயம் என்றால் சென்னையில் அது ஒரு திருவிழா. கோயம்புத்தூர் கரிவரதன் போன்றவர்கள் அங்கே ஓட்டிப் பேர் வாங்கினார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் வந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

பந்தயக் களம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அங்கே ஓட்ட வருகிறவன் பெயர் கொடுக்கிறான், கையெழுத்துப் போடுகிறான். ஓட்டுவதற்கு முன்னால் அவனுடைய வண்டியைப் பரிசோதிக்கிறார்கள். தலைக்கவசம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எல்லோரும் ஒரே திசையில் ஓட்டுகிறார்கள். எதிரே வருகிற வண்டி கிடையாது, குறுக்கே வருகிற குழந்தை கிடையாது. ஆம்புலன்ஸ் வண்டி தயாராய் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் இடத்தில் ஆபத்து என்று மஞ்சள் கொடி காட்டினால் அந்த இடத்தில் யாரும் யாரையும் முந்தக்கூடாது. முந்துவதற்கென்றே கூடிய இடத்திலும் முந்தக்கூடாத இடம் என்று ஒன்று உண்டு!

சாலையில் நடப்பதை எப்படிப் பந்தயம் என்று சொல்வது? மூலக்கடையில் பூக்கூடை சுமக்கிறவள் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை. மணலியில் வேலை முடிந்து சைக்கிளில் திரும்புகிற வெல்டர் பெயர் கொடுக்கவில்லை. வடிவுடையம்மனைத் தரிசிக்க வெள்ளிக்கிழமை விரதத்தோடு நடக்கிற கிழவி, முதுகில் புத்தகப் பையைச் சுமந்து பெற்றோரின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கிற குழந்தை யாருமே பெயர் கொடுக்கவில்லை. அவர்களை எல்லாம் கேட்காமலே களத்தில் இறக்கிவிட்டு, ஜெயித்தால் கைதட்டல் எனக்கு, தோற்றால் சாவு அவர்களுக்கு என்று ஒருவன் ஓட்டுகிறானே, அவனை வீரன் என்று சொல்ல எந்த அகராதியில் இடம் இருக்கிறது? சம்மதித்தவனோடு மோதுகிறவன்தான் வீரன். சம்மதம் கேட்காமல் மோதுகிறவனுக்குத் தமிழில் வேறு பெயர்கள் உண்டு. கண்ணியம் கருதி அவற்றை இங்கே எழுதவில்லை.

*

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். அவர்களுடைய ஆட்சேபங்கள் எனக்குப் பழக்கமானவை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"இளரத்தம், அப்படித்தான் இருக்கும். நாமும் அந்த வயதில் ஆடாத ஆட்டமா?" என்பார் ஒருவர். இதைச் சொல்கிறவர் அனேகமாக உயிரோடு ஐம்பதைத் தாண்டியவராக இருப்பார். தாண்டாதவர்கள் வந்து பேச முடியாதல்லவா? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். நூற்றுக்கு நாற்பத்துநாலுக்கும் மேல். இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் மிகை வேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தார்கள் என்று மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் கொடுத்திருக்கிறது. அதே ஆண்டில் 64,105 விபத்துகளோடு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடத்தில் நின்றது நம்முடைய தமிழ்நாடு. முந்துவதில் நமக்குக் கிடைத்த முதல் பரிசு அது! இளரத்தம் என்று நாம் கொஞ்சுகிற ரத்தம் உண்மையில் சிந்துகிற இடம் எது என்பதை ஸ்டான்லியிலோ, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரியிலோ, சனிக்கிழமை இரவு விபத்துப் பிரிவின் வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் தெரியும்.

"சாலை ஒழுங்காக இருக்கிறதா? மெட்ரோ பள்ளம், கண்டெய்னர் லாரி, மாடு, குப்பை. அதைக் கேளுங்கள் முதலில்" என்பார் இன்னொருவர். வாஸ்தவம். வடசென்னையின் சாலைகளுக்கு இழைக்கப்பட்டுள்ள அநியாயத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். நகரத்தின் துறைமுகமும் தொழிற்சாலைகளும் எண்ணெய்க் குழாய்களும் எங்களுக்கு. நடைபாதையும் மர நிழலும் வேறு பக்கத்துக்கு. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். சாலை மோசமாக இருந்தால் புத்தியுள்ளவன் மெதுவாகப் போவானா, வேகமாகப் போவானா? வழுக்கும் படிக்கட்டில் யாராவது ஓடி இறங்குவார்களா? கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவரின் ஆசனம் உயரத்தில் இருக்கிறது. அவருடைய இடது பக்கத்தில், முன் சக்கரத்தை ஒட்டி இருக்கிற இடம் அவருக்குச் சரிவரத் தெரியாது. லாரி இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. உள்ளே வெட்டிக்கொண்டு வருகின்றன. நம் இளைஞர்கள் முந்துவதற்கு இஷ்டப்பட்டுத் தேர்ந்தெடுக்கிற இடம் சரியாக அதே இடது பக்கம்தான். அன்றைக்கு நான் நுழைந்ததும் அப்படிப்பட்ட ஒரு சந்துக்குள்தான்.

"போலீஸ் என்ன செய்கிறது?" என்பது மூன்றாவது ஆட்சேபம். போலீஸ் செய்வதைத்தான் நாம் பார்க்கிறோமே! புத்தாண்டு இரவில் சென்னையின் மேம்பாலங்களை மூடிவிடுகிறார்கள். ஒரு நகரம் தன் சொந்தப் பிள்ளைகளுக்குப் பயந்து தான் கட்டிய பாலத்தைத் தானே அடைத்து வைக்கிறது. இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டா? பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மூன்று மாதச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் வரை விதிக்கலாம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. எந்தப் போலீஸ்காரரும் எல்லாச் சந்திலும் நிற்க முடியாது. நிற்காத இடத்தில் நம்மைத் தடுக்க வேண்டியது நம்முடைய வெட்கம். அது எங்கே போயிற்று?

*

வெட்கம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தேன். வேறெங்கும் போகவில்லை. நம் வீட்டு நடுக்கூடத்தில்தான் அது தொலைந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். தகப்பனார் கௌரவமான உத்தியோகஸ்தர், நல்ல மனிதர், கோவிலுக்குப் போகிறவர், என் நாவல்களைப் படிக்கிறவர். பையன் பத்தாம் வகுப்பில் நிறைய மார்க் வாங்கினால் மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார். பையன் வாங்கிவிட்டான். பதினாறு வயதுப் பையனுக்கு 200 சி.சி. வண்டி வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிப் பூஜை செய்தார்கள். நான் தயங்கித் தயங்கி, "லைசென்ஸ்?" என்று கேட்டேன். "தெருவுக்குள்ளேதான் சார் ஓட்டுவான்" என்றார் தகப்பனார். தாயார் இன்னும் ஒருபடி மேலே போய், "என்னமா ஓட்டறான் தெரியுமா? அவங்க அப்பாவையே முந்திடறான்!" என்றார். அந்த அம்மாளின் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கமாட்டேன். பையன் சாலையில் கற்றுக்கொள்வதற்கு முன்பே, முந்துவது பெருமை என்று வீட்டில் கற்றுக்கொடுத்தாகிவிட்டது.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவரோ வண்டியின் சொந்தக்காரரோதான் குற்றவாளி என்கிறது அதே 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. இந்தச் சட்டத்தை அந்த நண்பரிடம் சொன்னேன். "அதெல்லாம் யார் சார் பார்க்கிறாங்க?" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை ஒரு தகப்பன் பிள்ளையின் காதில் விழும்படி சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளைக்கு வேறு எந்த நீதி போதனையும் ஏறாது.

அடுத்தது, கைதட்டுகிறவர்கள். 2023 செப்டம்பரில், காஞ்சிபுரத்துக்கு அருகே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், லட்சக்கணக்கான ரசிகர்களைப் பெற்றிருந்த யூடியூப் இளைஞர் ஒருவர் முன் சக்கரத்தை ஆகாயத்தில் தூக்கி ஓட்டிச் சறுக்கி விழுந்தார். கை முறிந்தது. கைதானார். அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் பறித்தார்கள். அவருடைய ஜாமீன் மனுவை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி, அந்த மோட்டார் சைக்கிளைக் கொளுத்திவிட வேண்டும் என்கிற அளவுக்குக் கடிந்துகொண்டார். நீதிபதியின் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு வண்டியைக் கொளுத்தி என்ன பயன்? பார்க்க ஆள் இல்லாவிட்டால் எவனும் முன் சக்கரத்தைத் தூக்கமாட்டான். சாலையில் அந்த இளைஞர் தனியாக ஓட்டவில்லை. பின் ஆசனத்தில் லட்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெத்தையில் சாய்ந்துகொண்டு "பயங்கரமா ஓட்டறான்டா" என்று விரலால் ஒரு தட்டுத் தட்டினோமே, நாமும் அதில் உண்டு.

மூன்றாவது, வயிற்றுப் பிழைப்பு. இதை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. தோளில் பெரிய பையை மாட்டிக்கொண்டு, நம் வீட்டுக்குச் சாப்பாடும் மளிகையும் கொண்டுவருகிற பிள்ளைகளைச் சொல்கிறேன். அவர்களும்தான் சிக்னலை மீறுகிறார்கள், எதிர்த்திசையில் வருகிறார்கள், நடைபாதையில் ஏறுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் யாரோடு போட்டி போடுகிறார்கள்? நாம் கையில் பிடித்திருக்கிற கடிகாரத்தோடு. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வரும் என்று விளம்பரங்கள் வந்தபோது நாம் ஒருவராவது, "வேண்டாமப்பா, அரைமணி நேரம் ஆகட்டும். கொத்தமல்லிக் கட்டுக்கு என்ன அவசரம்?" என்று எழுதிப் போட்டோமா? போடவில்லை. பதினோராவது நிமிடத்தில் கைபேசியை எடுத்துப் படத்தில் அந்தப் பையன் எந்தச் சந்தில் நிற்கிறான் என்று பார்த்தோம். ஒரு மனிதன் சோற்றுக்காக வேகமாக ஓட்டுகிறான். அவனை ஓட்டுவிக்கிறவன் சட்டினிக்காக அவசரப்படுகிறான். இருவரில் யார் குற்றவாளி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

*

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் வந்தது என்று எண்ணி யாரும் தமிழனைத் திட்ட வேண்டியதில்லை. தாய்லாந்தில் இரவில் கூட்டம் கூட்டமாக மோட்டார் சைக்கிளில் பந்தயம் விடும் பிள்ளைகளுக்கு 'டெக் வான்' என்று தனிப் பெயரே இருக்கிறது. அந்த நாட்டில் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்துநாலு பேர் இரண்டு, மூன்று சக்கர மோட்டார் வண்டிகளில் போனவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை சொல்லிற்று. அங்கே 2015-இல் ராணுவ அரசாங்கம் பெற்றோர்களையும் பொறுப்பாக்கி உத்தரவு போட்டது. ஜப்பானில் 'போசோசோகு' என்ற மோட்டார் சைக்கிள் கும்பல்கள் ஒரு காலத்தில் நகரங்களை நடுங்க வைத்தன. 1978-இல் அதற்கென்றே சட்டம் திருத்தினார்கள். மொழி வேறு, மதம் வேறு. ஆனால், பிறர் பார்க்க முந்தினால்தான் தனக்கு மதிப்பு என்று நம்புகிற பிள்ளை எல்லா ஊரிலும் ஒரே பிள்ளைதான்.

அந்தப் பிள்ளையைப் பார்த்து எனக்குக் கோபத்தைவிட இரக்கமே மிகுதியாக வருகிறது. படித்த படிப்புக்கு வேலை இல்லை. வேலை கிடைத்தால் மரியாதை இல்லை. வீட்டில் தனக்கென்று ஒரு அறை இல்லை. மாதத் தவணைக்கு வாங்கிய அந்த வண்டி ஒன்றுதான் அவன் சொன்னபடி கேட்கிறது. முறுக்கினால் பாய்கிறது. உலகத்தில் வேறெதுவும் அவன் முறுக்கியதற்குப் பாயவில்லை. இதைப் புரிந்துகொள்கிறேன். புரிந்துகொள்வதற்காக மன்னித்துவிட முடியாது. அவனுடைய ஏமாற்றத்துக்குப் பூக்காரம்மாள் காரணம் அல்லவே! அவளும் ஏமாந்தவள்தான். அவள் யார்மீதும் கூடையை எறிந்துவிட்டுப் போகவில்லையே?

லாபம்தான் என்ன? பத்துக் கிலோமீட்டர் தூரத்தை நாற்பது வேகத்தில் போனால் பதினைந்து நிமிடம். அறுபதில் போனால் பத்து நிமிடம். சிக்னலே இல்லாத ஒரு கற்பனைச் சாலையில், உயிரைப் பணயம் வைத்தால் மிச்சம் ஐந்து நிமிடம். உண்மையான மாதவரத்தில் அதுவும் மிஞ்சாது. முந்திப் போனவன் அடுத்த சிக்னலில் நமக்கு முன்னால் நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. குழந்தை குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மனம் அறிந்து, கை பிரேக்கைத் தேடுவதற்குள் அந்தப் பதினாறு மீட்டரும் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்கு. இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். விடைத்தாளோடு மறந்துவிட்டோம்.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகக் கொடுப்பதென்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல திட்டம், பாராட்டுகிறேன். 48 மணி நேரம் நம்மைக் காப்பாற்ற அரசாங்கம் தயாராக இருக்கிறது. சிவப்பு விளக்கில் 48 வினாடி நிற்க நாம் தயாராக இல்லை.

*

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். அரசாங்கத்திடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. வேகத்துக்கு ஓர் இடம் கொடுங்கள். வடசென்னையில் கால்பந்தும் குத்துச்சண்டையும் கேரமும் ஆடிப் பெயர் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒரு வாத்தியாரும் ஒரு களமும் கிடைத்தன. மோட்டார் சைக்கிளில் ஆசை வைத்த பிள்ளைக்கு இருங்காட்டுக்கோட்டை தூரமும் அதிகம், செலவும் அதிகம். சோழவரம் போல எளிய மக்களின் கைக்கெட்டும் ஒரு களம் இந்தப் பக்கத்தில் இருந்தால், தலைக்கவசமும் கொடியும் நடுவரும் இருந்தால், அங்கே போய் அவன் முந்தட்டும். நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கைதட்டுகிறேன். அங்கே தோற்றவனும் கௌரவமாக வீட்டுக்குத் திரும்புவான்.

மற்றதெல்லாம் நாம் செய்ய வேண்டியவை. பதினெட்டு நிரம்பும் வரை பிள்ளைக்கு வண்டி கிடையாது என்று சொல்லுங்கள். அவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். தூக்கி வைத்துக்கொள்ள முகம் இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள். வாசலில் வந்து நிற்கிற டெலிவரிப் பையனிடம், "ஏன் லேட்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "மெதுவாவே வாப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவனுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பெண்ணைக் குறைக்காமலும் இருங்கள். சக்கரத்தைத் தூக்கிக் காட்டுகிறவனைக் கண்டால் விரலைத் தட்டாமல் கடந்து போங்கள்.

இவையெல்லாம் சுலபம். கஷ்டமானது கடைசியில் இருக்கிறது. அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். அன்றைக்குப் பிறகு, என்னை உரசி முந்துகிறவனுக்கு வழிவிடுவது என்று ஒரு விரதம் எடுத்துக்கொண்டேன். வழிவிடும்போதெல்லாம் தொண்டையில் ஒரு கசப்பு வருகிறது. தோற்றுவிட்டோமே என்கிற கசப்பு. வயது ஐம்பத்தெட்டிலும் வருகிறது, அவமானமாக இருக்கிறது. நாலு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். மாதங்களாகியும் போகவில்லை. இப்போது எனக்குத் தெரிகிறது, நாகரிகம் என்பது பெரும்பாலும் இந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் விழுங்குவதுதான்.

நாளைக் காலையில் நீங்கள் அலுவலகம் போகும்போது எவனாவது ஒருவன் உங்களை முந்துவான், திரும்பிப் பார்ப்பான், சிரித்ததாகவும் உங்களுக்குத் தோன்றும். உங்கள் வலது கை கைப்பிடியின் மேல் இருக்கும். அந்த ஒரு வினாடியில், எங்கோ முன்னால், உங்களுக்குத் தெரியாத ஒரு பெண்மணி தலையில் கூடையோடு சாலையில் காலை எடுத்து வைக்கிறாள். அவள் உங்கள் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. கையை முறுக்காதீர்கள்.